ஓர் எண்ணும் மூன்று அளவைகளும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் ஒருவன் கணக்கைக் குறித்து எழுதப் புகுவது, தச்சன் கொல்லுலையிற் கை வைப்பது போலாம் என்று நண்பர் சிலர் நகைத்தனர். ஆயினும் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய நாட்டிற் பிறந்தோர் ஒரு கண்ணை மூடிக்கொண்டே நடத்தல் தகாது என்று எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

அறிவு பெறும் வாயில்களை அளவை நூலார் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பர். மணிமேகலையில் அளவைகள் பத்து எனவும் கூறப்படும். கண்டு அறிவது காட்சி; கண்டதனைக் கொண்டு காணாததனைத் துணிவது கருதல்; அறிந்தார் சொல்லை ஏற்றுக்கொள்வது உரை. இவற்றை வகுப்பிற் பாடங் கேட்டபோது அவை வெறும் பெயர்களாகவே என் மனத்தில் நின்றன. பின்னர் ஓர் எண்ணின் வரலாற்றைக் கற்ற பொழுதுதான் அவற்றின் வேறுபாடு எனக்கு நன்கு விளங்கிற்று. அவ்வெண் இது:

147573952589676412927

இதனை நம் முறைப்படி ஏழேழு இலக்கங்களாகப் பிரித்தால் மூன்று கூறுகள் ஒரு மிச்சமுமின்றி அமையும். பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடி. ஐம்பத்திரண்டு இலட்சத்து ஐம்பத்தெண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு கோடி. அறுபத்து நான்கு இலட்சத்துப் பன்னீராயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. நொடிக்கு ஒன்றாக ஒருவன் ஓயாது எண்ணுவானாயின் இதனை எண்ணி முடிக்க நான்கு இலட்சத்து அறுபதினாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். வானநூலார் இவ்வுலகத் தோற்றத்திற்குக் கூறும் காலம் ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகளே. இவ்வெண் அக்காலத்தினும் முந்நூறு மடங்கிற்கு மேற்பட்ட காலத்தைக் கேட்கும்.

ஆயின் இதன் பெருமை பருமையில் இல்லை. இதனினும் பெரிய எண்ணை ஒரு சிறுவனும் எழுதிவிடுவான். இது பிறந்த வகை நோக்கத்தக்கது. 2 என்னும் எண்ணை 67 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் 1 கழித்தால் இவ்வெண் கிடைக்கும். கணித நூலார் இதனை 2⁶⁷ − 1 எனச் சுருக்கி எழுதுவர்.

தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 முதலியன பகா எண்கள். 15 என்பது 3-உம் 5-உம் பெருக்க வருதலின் பகு எண். இனி, 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களை வரிசையாக நோக்குவோம். 2² − 1 = 3; 2³ − 1 = 7; 2⁵ − 1 = 31; 2⁷ − 1 = 127. இவை நான்கும் பகா எண்களே. 2⁴ − 1 = 15; இது பகு எண். அடுக்கைக் குறிக்கும் எண் பகு எண்ணாயின், அதனாற் பிறக்கும் எண்ணும் பகு எண்ணேயாதல் ஒருதலை. அவ்வாறாயின், அடுக்கு பகா எண்ணாயவிடத்துப் பிறப்பதும் பகா எண்ணாகுமோ எனின், அஃது எப்போதும் ஆகாது. 11 பகா எண்; ஆயினும் 2¹¹ − 1 = 2047 என்பது 23-ஐ 89-ஆற் பெருக்கிய பயனாகும். ஆதலின் 67 பகா எண்ணாயிருத்தல் பற்றி மட்டும் நம் எண்ணின் இயல்பைத் துணிதல் இயலாது.

இவ்வகை எண்களைப் பண்டையோர் பெரிதும் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 6 என்பதனை வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. இவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வரும். 28-ஐ வகுப்பன 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இத்தகைய எண்கள் நிறைவெண்கள் எனப்பட்டன. படைப்பு ஆறு நாளில் முடிந்தது அவ்வெண்ணின் நிறைவு பற்றியே என்று அகுஸ்தீன் அடிகள் 'இறைவனின் நகரம்' என்னும் தம் நூலில் எழுதினார். 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண்ணாயின், அதனை அதற்கு முந்திய அடுக்காற் பெருக்க ஒரு நிறைவெண் கிடைக்கும் என யூக்ளிட் முன்னரே நிறுவியிருந்தார். 3-ஐ 2-ஆற் பெருக்க 6. 7-ஐ 4-ஆற் பெருக்க 28. எனவே இவ்வகைப் பகா எண் ஒன்றைக் கண்டார், நிறைவெண் ஒன்றையும் உடன் கண்டாராவர்.

பாரிஸ் நகரில் வாழ்ந்த மாரின் மெர்சென் (1588–1648) என்பார் ஒரு துறவி. அக்கால அறிஞர் பலரோடு கடிதப் போக்குவரத்துக் கொண்டிருந்தவர். அவர் 1644-இல் வெளியிட்ட நூல் ஒன்றில், அடுக்கு 257 வரையில் இவ்வகைப் பகா எண்களைத் தருவன 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்னும் பதினொன்றே என்று எழுதினார். 67 அப்பட்டியலில் நின்றது. அஃதாவது நம் இருபத்தோரிலக்க எண் பகா எண் என்பது அவர் கூற்று. அதற்குரிய நிறுவலை அவர் காட்டவில்லை. அக்கணக்கு அக்காலத்து எவராலும் செய்து முடிக்கத் தக்கதாகவும் இல்லை. ஆயினும் சொன்னவர் பெரியவர், மறுப்பதற்கும் வழியில்லை. ஆகவே அவர் சொல் நெடுங்காலம் நிலைத்தது. இதுவே உரையளவை.

ஏன் மறுப்பதற்கு வழியில்லை என்பாரும் இருப்பர். ஒவ்வோர் எண்ணாக எடுத்து வகுத்துப் பார்த்தாலென்ன? நம் எண்ணுக்கு அவ்வாறு செய்யின் 1214 கோடி வரையிலுள்ள எண்களைச் சோதித்தல் வேண்டும். இவ்வுழைப்பைக் குறைக்க ஒரு விதி உண்டு. 2⁶⁷ − 1 என்பதனை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 67-இன் இருமடங்காகிய 134-ஆல் வகுக்க மீதி 1 வருதல் வேண்டும். இத்தகைய விதியைக் கொண்டே பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1640-இல் 2³⁷ − 1 என்னும் பன்னிரண்டிலக்க எண்ணை எளிதிற் பிரித்தார். 37-இன் இருமடங்கு 74. ஆதலின் அவர் நோக்கவேண்டியவை 75, 149, 223 என்னும் வரிசையிலுள்ள எண்களே. 75 பகு எண், 149 வகுக்கவில்லை, 223 வகுத்துவிட்டது. 223-ஐ 616318177-ஆற் பெருக்க 137438953471 வருதலைப் படிப்போர் தாமே கண்டுகொள்ளலாம்.

பெர்மாவுக்கு வாய்த்த எளிமை 67-க்கு வாய்க்கவில்லை. வகுக்கும் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும் என்னும் மற்றொரு விதியையும் சேர்த்துக்கொண்டாலும், நாம் தேடும் காரணி அவ்வரிசையில் 7,22,790-ஆம் இடத்தில் நிற்கின்றது. நாழிகைக்கு ஒன்றாக இரவும் பகலும் ஓயாது வகுத்தாலும் அவ்விடத்தை அடைய ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகள் செல்லும். இடையிடையே வரும் பகு எண்களைத் தள்ளினும் அது பல்லாண்டு வேலையே.

1876-இல் எடுவார்ட் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் வேறொரு வழியைக் கண்டார். காரணியைத் தேடாமலே ஓர் எண் பகா எண்ணா அன்றா என்று துணியும் வழி அது. 1930-இல் லேமர் என்னும் அமெரிக்கர் அதனை எளிமையாக்கித் தந்த வடிவில் இங்குக் கூறுவேன். 4-இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி 2 கழிக்க. ஆராயும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கைக் குறிக்கும் எண்ணில் இரண்டு குறைந்த முறை இதனைச் செய்து முடித்தபின் மீதி 0 ஆயின் அது பகா எண். அன்றாயின் பகு எண்.

31-ஐ எடுத்துக்கொள்வோம். இது 2⁵ − 1. ஆதலின் மூன்று முறை செய்தல் வேண்டும். 4-இலிருந்து 14, 14-இலிருந்து 194, அதனை 31-ஆல் வகுக்க மீதி 8, 8-இலிருந்து 62, அதனை 31-ஆல் வகுக்க மீதி 0. எனவே 31 பகா எண். 2047-க்கு ஒன்பது முறை செய்யின் வரும் மீதிகள் முறையே 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. இறுதியில் நின்றது 0 அன்று. எனவே 2047 பகு எண். இச்சோதனையில் 23 என்பதோ 89 என்பதோ ஓரிடத்தும் தலைகாட்டாமை நோக்கத்தக்கது. புகை கண்டு நெருப்புண்டு என்று துணிந்தோம், நெருப்பைக் கண்டிலோம். இதுவே கருதலளவை.

நம் எண்ணுக்கு இச்செயலை அறுபத்தைந்து முறை செய்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் இருபத்தோரிலக்க எண்களைப் பெருக்கி வகுத்தல் வேண்டும். லூக்காஸ் தம் நெறியினால் 2⁶⁷ − 1 பகா எண் அன்று என்று முடிவு கூறினார். மெர்சென் சொல்லி 232 ஆண்டுகள் கழிந்தபின் அச்சொல் வீழ்ந்தது. ஆயினும், 'பகுபடும் என்கின்றீர், எவற்றாற் பகுபடும்?' என்று வினவினார்க்கு விடை சொல்வார் இல்லை. உண்டு என்பது தெரிந்தது; இன்னது என்பது தெரியவில்லை. அந்நிலை இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

1903-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தார் கூடினர். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் (1861–1926) பெரிய எண்களைக் காரணிப்படுத்தல் பற்றிய ஒரு கட்டுரை அளிப்பதாக இருந்தது. அன்று நடந்ததனை எரிக் டெம்பிள் பெல் என்னும் கணித ஆசிரியர் 1951-இல் வெளிவந்த தம் நூலில் இவ்வாறு கூறுகின்றார். கோல் எழுந்து கரும்பலகையை அணுகினார். ஒரு சொல்லும் பேசவில்லை. 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டார். அதில் 1 கழித்தார். பின் பலகையின் வேறொரு புறம் சென்று,

193707721 × 761838257287

என்று எழுதிப் பெருக்கலானார். இரு விடைகளும் ஒத்தன. சுண்ணக்கோலை வைத்துவிட்டு, வந்தது போலவே பேசாமற் சென்று அமர்ந்தார். அவையோர் கைதட்டி ஆரவாரித்தனர். வினாவுவார் ஒருவரும் இலர். வினவுதற்கு என்ன இருக்கின்றது? கண்ணெதிரே நின்றதன்றோ! இதுவே காட்சியளவை.

இவற்றைக் கண்டுபிடிக்க எத்துணைக் காலம் ஆயிற்று என்று பின்னொரு நாள் பெல் வினவ, 'மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்' என்று கோல் விடையிறுத்தாராம். ஓய்வு நாளை அவர் இவ்வாறு கழித்தது பற்றி நம்மவருள் முகஞ்சுளிப்பாரும் சிலர் இருப்பர். அவரவர் ஓய்வு அவரவர்க்கே தெரியும். அவர் வெறுமனே ஒவ்வோர் எண்ணாக வகுத்துச் சென்றாரல்லர்; இருபடி மீதிகள் பற்றிய நுண்ணிய விதிகளைச் சல்லடையாகக் கொண்டு, ஆகாத எண்களைச் சலித்துத் தள்ளினார். சலித்த பின்னும் எஞ்சிய உழைப்பே அத்தனை ஞாயிறுகளை உண்டது.

இவ்வரலாற்றைப் படித்த அன்று மாலை, படித்ததனை அப்படியே நம்புதல் மெர்சென் காலத்தார் செய்த தவற்றையே செய்வதாகும் என்று தோன்றிற்று. விடுதி அறையில் ஒரு தாளை விரித்து அவ்விரண்டு எண்களையும் எழுதிப் பெருக்கினேன். எட்டு வரிகள் வந்தன. கூட்டிப் பார்த்தேன், இடமிருந்து நான்காம் இலக்கம் 5 ஆகவேண்டிய இடத்தில் 4 நின்றது. ஏனைய இருபது இலக்கங்களும் ஒத்தன. நூலில் அச்சுப்பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் செருக்குற்றேன் என்பதனை மறைப்பதற்கில்லை.

பள்ளியிற் சிறு வயதிற் கற்ற 'ஒன்பது தள்ளும்' சோதனை அப்போது நினைவிற்கு வந்தது. 761838257287 என்பதன் இலக்கங்களைக் கூட்டினால் 64. 6-உம் 4-உம் கூட்ட 10. மீண்டும் கூட்ட 1. ஆதலின் இதனை எந்த இலக்கத்தாற் பெருக்கினாலும், வரும் வரியின் இலக்கங்களை அவ்வாறே கூட்ட அந்த இலக்கமே வருதல் வேண்டும். வரி வரியாகக் கூட்டிச் சென்றேன். ஒன்பதாற் பெருக்கிய வரியில் 9-க்கு மாறாக 8 வந்தது. ஓரிடத்தில் மேலேற்ற வேண்டிய 1-ஐச் சேர்க்க மறந்திருந்தேன். பிழை நூலினுடையதன்று, என்னுடையது. திருத்திக் கூட்டியபொழுது இருபத்தோரிலக்கமும் ஒருங்கே ஒத்து நின்றன. அப்பொழுது நான் உற்ற மகிழ்ச்சி, நூலைக் குற்றங் கண்டதாக எண்ணியபோது உற்றதனினும் பெரிது.

அம்முயற்சி எனக்கு மற்றொன்றையும் உணர்த்திற்று. பெருக்கிப் பார்க்கப் பிழை திருத்தியதையும் சேர்த்து எனக்கு ஏறக்குறைய இரண்டு நாழிகை ஆயிற்று. பிரிப்பதற்குக் கோல் மூன்று ஆண்டு ஞாயிறுகளைச் செலவிட்டார். கூட்டிச் சேர்ப்பது எளிது. சேர்ந்ததனைப் பிரித்தறிவது அரிது. இவ்வேற்றுமை இன்று உலகிற்குப் பெரும்பயன் தருகின்றது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணை வெளியிட்டுக் காரணிகளை மட்டும் மறைத்து வைப்பதனால் செய்திகளைப் பிறர் அறியாவாறு அனுப்பும் முறையொன்றை வகுத்தனர். கோலின் எண்ணை இக்காலக் கணிப்பொறி ஒரு நொடிக்குள் பிரித்துவிடும். ஆயின் நூற்றுக்கணக்கான இலக்கங்களையுடைய எண்களின் முன் அதுவும் கைகட்டி நிற்கின்றது. மெர்சென் தொடங்கிய தேடலும் நின்றபாடில்லை. 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண் என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதன் இலக்கங்கள் நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. அதனை ஆராய்ந்த சோதனைகளுள் லூக்காஸ் கண்ட நெறியும் ஒன்று.

இனி மெர்சென் முற்றும் பிழைத்தாரோ எனின், அற்றன்று. அவர் பட்டியலில் 67-உம் 257-உம் தகாதன. 61, 89, 107 விடுபட்டன. எஞ்சியவை எல்லாம் மெய்யே. 31-க்குரிய எண் பகா எண் என்பதனை 1772-இல் ஆய்லரும், 127-க்குரிய முப்பத்தொன்பது இலக்க எண் பகா எண் என்பதனை 1876-இல் லூக்காசும் நிறுவினர். 61-க்குரிய எண்ணை 1883-இல் மெய்ப்பித்தவர் இவான் பெர்வூஷின் என்னும் ருசிய நாட்டுக் குருவானவர். இதன்பின், மெர்சென் எழுதியது 61 ஆகவே இருக்க அச்சில் 67 என மாறியதோ என்று ஐயுற்றாரும் உளர். ஏட்டுப் பிரதிகளில் ஓரெழுத்து மாறிப் பாடம் வேறுபடுதலை நாள்தோறும் காணும் தமிழ் மாணவர்க்கு இவ்வையம் புதியதன்று. ஆயினும் 89-உம் 107-உம் விடுபட்டமைக்கு அஃது அமைதி கூறாது.

அன்பர்காள், நாம் கற்பனவற்றுட் பெரும்பகுதி உரையளவையே. புலவர் காலமும், நூல் யாத்தார் பெயரும், சொற்பொருளும் முன்னையோர் சொல்லக் கேட்டே தேர்வில் எழுதி வருகின்றோம். அது குற்றமன்று, உரையை முற்றும் தள்ளினால் ஒரு நாளும் கற்றல் நடவாது. மெர்சென் அப்பட்டியலை எழுதாதிருப்பின், லூக்காசும் கோலும் இவ்வெண்ணை நோக்கியிருப்பரோ என்பதே ஐயம். ஆயின் உரை நம்மை ஆராய அழைக்கும் அழைப்பேயன்றி, ஆராய்ச்சியை முடித்து வைக்கும் தாழ்ப்பாள் அன்று. சொன்னவர் பெருமையை மதித்தல் வேண்டும். சொன்னதனைச் சோதித்தலும் வேண்டும். சோதிக்கும்போது விடை வேறுபட்டால், முதலில் நம் வரிகளையே ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

193707721, 761838257287 என்னும் இரண்டு எண்களும் மேலே உள்ளன. என் சொல்லையும் நம்பவேண்டுவதில்லை. இரண்டு நாழிகை ஒழிவுடையார் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க.